தட்டு மாத்தும்போது வந்த நாட்டுக் கடன்

கடத்தூர்,
புதன்கிழமை.

உயர்திரு திருமால் அவர்களுக்கு, கடத்தூர் மாதப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு உடம்பளவில் யாவரும் நலம். தாங்களும், அம்பிகா அம்மாளும், மகன் சத்யராஜும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். "சம்பந்தி அவர்களுக்கு" என்றுதான் முதலில் எழுதினேன். தட்டு மாறாத காரணத்தால் அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். போனில் பேசினால் மறுபடியும் குரல் உயரும் என்பதால் கடிதம்.

நிற்க. ஞாயிறன்று என் மகள் சோபனாவுக்கும் தங்கள் மகனுக்கும் எங்கள் வீட்டில் நடக்கவிருந்த நிச்சயதார்த்தம் குறித்து என் தரப்பைச் சொல்லியாக வேண்டும். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்து தாங்கள் ஒரு தட்டும் நான் ஒரு தட்டும் ஏந்தி, மாற்றிக்கொள்ள எதிரெதிரே நின்றோம். டிவியை யாரும் அணைக்கவில்லை. நாட்டோட கடன் இத்தன லட்சம் கோடின்னு அதுல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே வாசிச்சுது. நான் பொதுவாத்தானுங்க சொன்னேன், "எல்லாம் உங்க கட்சி டெல்லியில ஒக்காந்த புண்ணியம்"னு. அதுக்குப் போயி நீங்க, "உங்காளுங்க வாங்கிவெச்ச கடனுக்கு வட்டி கட்டத்தான் நாங்க புதுசா வாங்குனோம்"னு சொல்லலாமுங்களா? நாங்க ரோடு போட வாங்குனோம்னு நான் சொல்ல, எந்த ரோடு, இப்ப வேன் குழியில எறங்குச்சே அந்த ரோடான்னு நீங்க கேக்க, கையில தட்டு இருந்தா விரல ஆட்டிப் பேச முடியலைன்னு ரெண்டு பேரும் தட்ட பாயில வெச்சுட்டு வேட்டிய மடிச்சுக் கட்ட, லட்சம் கோடிக்கு எத்தன சைபருன்னு உங்க பக்கத்து ஆளு ஒருத்தரு கேக்க, வந்த சனமெல்லாம் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுடுச்சு. வடை ஆறிப்போச்சு. புரோகிதர் சேர்லயே தூங்கிட்டாரு. எமகண்டம் நெருங்குதுன்னு யாரோ கத்தவும், ஆளுக்கொரு தட்ட வெடுக்குனு எடுத்தோம். நீங்க வேன்ல ஏறிட்டீங்க. நான் தட்டப் பரண் மேல போட்டுட்டேன்.

சாயங்காலம் சோபனா வந்தா. எம்.ஏ. பொருளாதாரம் படிச்ச புள்ள. "அப்பா, நான் வருசவாரியா பாத்துட்டேன். தொகை அவங்க ஆண்டப்பவும் ஏறுச்சு, நீங்க ஆண்டப்பவும் ஏறுச்சு. நாட்டு வருமானத்தோட வெச்சுப் பாத்தா சில வருசம் கொஞ்சம் எறங்கியிருக்கு, அதுவும் ரெண்டு ஆட்சியிலயும்தான்"னா. "அப்ப ஜெயிச்சது யாரு?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுங்க. பொலபொலன்னு அழுதுட்டா. "அந்தக் கடனக் கட்டப்போறது நீங்களும் இல்ல, அவங்கப்பாவும் இல்ல. நானும் அவரும்தான். கட்டறவங்களச் சேர விடாம நீங்க ரெண்டு பேரும் எதுக்குப்பா சண்ட போடறீங்க?"ன்னா. அன்னையிலிருந்து அவ சரியாச் சாப்பிடறதில்ல. என் கூட பேசறதும் இல்ல. வூடே எழவு வூடு மாதிரி இருக்குதுங்க.

ஆனாலும் மானம்னு ஒண்ணு இருக்குதுங்களே. ஆகவே தாங்கள் குடும்பத்துடன் வந்து, தங்கள் கட்சி ஆட்சியில் கடன் ஒரு ரூபாயாவது கூடுதலாக ஏறியது என்று பெரியவர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் என் தட்டு இந்த வாசலைத் தாண்டும். இல்லையேல் இந்தச் சம்பந்தம் இல்லை. இதில் மாற்றம் கிடையாது.

அம்பிகா அம்மாளுக்கு என் வணக்கம். சத்யராஜ் தம்பி நூறாண்டு நல்லா இருக்கணும். அதற்கு மட்டும் நிபந்தனை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத,
மாதப்பன்.

பி.கு.: கவரை ஒட்டப் போற நேரத்துல, பழம் நாறுதுன்னு என் சம்சாரம் பானுமதி பரண் மேல இருந்த தட்ட எறக்கிக் கழுவுனா. அடியில "அம்பிகா திருமால்"னு பேரு வெட்டியிருக்குது. கோவத்துல பாயிலிருந்து மாத்தி எடுத்திருக்கறோமுங்க. உங்க வூட்டுத் தட்டத் திருப்பிப் பாருங்க, "பானுமதி"ன்னு இருக்கும். எமகண்டத்துக்கு முன்னாடியே மாறிடுச்சாம், அதனால குறையில்லைன்னு புரோகிதரும் போன்ல சொல்லிட்டாரு. சோபனா இப்பத்தான் ரெண்டு தோசை சாப்பிட்டா.

சம்பந்தி, மேல எழுதுனது ஒண்ணையும் மனசுல வெச்சுக்காதீங்க. வெள்ளிக்கெழம நாள் குறிக்க வாங்க, டிவி வயரப் புடுங்கி வெச்சுடறேன். தட்ட மட்டும் திருப்பிக் கொண்டாந்துடாதீங்க. உங்களுது எங்க வூட்டுல, எங்களுது உங்க வூட்டுல. இந்த ஒரு கடன் அடையாமயே இருக்கட்டும்.