தவறான வீட்டுக்குப் போன துக்கச் செய்தி

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, உங்கள் சிபாரிசில் முதியோர் இல்லத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த மைத்துனன் எழுதுவது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களும் அக்காவும் நலமாயிருந்தால் சரி.

இல்லத்துக் கணினிக்கு நான் ஒரு புரோகிராம் எழுதினேன் அல்லவா, அதில் திரையில் நிரப்பும் மூன்று ஃபாரம். முதலாவதில் தங்கியிருப்பவரின் பெயர், இரண்டாவதில் அவர் பிள்ளைகளின் விவரம், மூன்றாவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பும். முதலாவதில் ஆளை மாற்றினால் மற்ற இரண்டும் கூடவே மாறவேண்டும். அதற்கான ஒற்றை வரியை எழுத மறந்து தொலைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை இல்லத்தில் தங்கியிருந்த தையல்காரர் ஒருவர் இறந்துபோனார், அவர் பெயரைத் திரையில் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினேன், பின்னால் திறந்திருந்த ஃபாரத்திலோ அதற்கு முன் நான் திறந்து பார்த்த, இங்கேயே தங்கியிருக்கும் பழைய தபால்காரரின் மகன் நகராமல் உட்கார்ந்திருந்தான், ‘தங்கள் தந்தையார் காலமானார்’ என்று அவனுக்குப் போய்விட்டது, மரியாதையாக இருக்கட்டும் என்று பெயர் போடாமல் விட்டதும் நான்தான், ஆறு வருஷமாக எட்டிப் பார்க்காதவன் மதியத்துக்குள் பெண்டாட்டி பிள்ளையோடு மலர்வளையமும் கையுமாக வந்து வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டான்.

தபால்காரர் கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “வந்துட்டியா? உக்காரு. பேரனா இது? இவ்ளோ வளந்துட்டானா?” என்றார். மருமகள் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மகன் என்னைத் திட்டினான் திட்டினான், அப்படித் திட்டினான். அந்த அமளியில் தையல்காரரின் மகளை அத்தனை பேரும் மறந்தோம். மறுநாள்தான் போன் செய்தேன்.

“நேத்து பூரா அப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னிட்டு இருந்தேன் சார்” என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை அத்தான்.

விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டேன். மூன்று ஃபாரமும் இப்போது ஒன்றாக நகர்கின்றன. ராஜினாமாவும் எழுதியாயிற்று. உங்கள் பெயரைக் கெடுத்தவனை மன்னியுங்கள். அக்காவுக்கு என் அன்பு, குழந்தைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது எட்டாம் அறையில் இருக்கும் பழைய லாரி டிரைவர் வந்து நின்றார். மகள் குரலைக் கேட்டு இரண்டு வருஷமாம். “தம்பி, அந்தத் தப்ப என் பேர்லயும் ஒரு தடவ பண்ணுங்களேன். திட்டுனா நான் வாங்கிக்கறேன்” என்றார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். எனக்கு அடுத்து வருகிறவன் வேலை தெரிந்தவனாக இருந்துவிட்டால் இவர்கள் கதி என்ன?