கஸ்தோன் பாட்டுக்கு அர்த்தம்

"அர்த்தம் சொல்லுங்க மாமா. சாயந்திரத்துக்குள்ள பதில் தந்தி அடிக்கணும்" என்றாள் பக்கத்து வீட்டு ழுலியேத்.

லெயோன் மேசைமேல் இருந்த டேப்ரிக்கார்டரைப் பார்த்தார். பிரெஞ்சுப் படையில் இருபது வருடம் இருந்துவிட்டு, பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். பிரான்சிலிருந்து தெருவில் யாருக்கு எது வந்தாலும் படித்துச் சொல்வது, மரியாதையாக 'முசே' என்று அழைக்கப்பட்ட அவர்தான். அந்த 1981-இல், எழுதச் சோம்பல்பட்டவர்கள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். ழுலியேத்தைப் பெண் கேட்டிருந்த கஸ்தோனும் பாரீசிலிருந்து அப்படித்தான் அனுப்பியிருந்தான். பேச்செல்லாம் தமிழ். கடைசியில் மட்டும் ஒரு பிரெஞ்சுப் பாட்டு. 'இதுதான் என் மனசு. லெயோன் மாமாகிட்ட அர்த்தம் கேட்டுக்க' என்று முடித்திருந்தான்.

லெயோன் அதை ஒருமுறை கேட்டுவிட்டார். கட்டிக்கொள்பவளைக் கட்டிப்போடும் பாட்டு என்று அவருக்குப் பட்டது.

"ஒன்னும் இல்லம்மா. கப்பல்ல போறவன் கடலைப் பத்திப் பாடுறான்."

"கடலுக்கா மாமா இப்படி அழுவுறான்?"

பொய் நிற்கவில்லை. உண்மையைப் பிரித்துக் காட்டினால் அவளே வேண்டாம் என்பாள் என்று முடிவு செய்தார். கடிகாரம் பழுது பார்ப்பவரைப்போல, ஒவ்வோர் அடிக்கும் கேசட்டை நிறுத்தினார்.

"முதல் அடி. 'நீ பக்கத்துல இல்லாட்டி எனக்குச் சாப்பாடு இறங்காது.'"

"பாவம்."

"பாவமில்லம்மா, இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பட்டினி அவனுக்கு, கட்டு ஒனக்கு. நீ அம்மா வீட்டுக்கு நாலு நாள் போனா, அவன் எளைச்ச குத்தம் ஒம்மேல விழும். மார்கெரித், எங்க இருக்க?"

"அடுப்படியிலதான்." அவர் மனைவி காப்பியோடு வந்தாள். சர்க்கரையைக் கலக்கி, அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

"ரெண்டாவது. 'நீ எங்க போனாலும் நெழலாட்டம் வருவேன்.'"

"எங்கப்பா எங்கம்மாவ மாதா கோயிலுக்குக்கூடக் கூட்டிப் போனதில்ல மாமா" என்று ழுலியேத் உருகினாள்.

"துணைக்கு வர்ற நெழலு இல்லம்மா. யாரைப் பாத்த, எதுக்குச் சிரிச்சன்னு கேக்கும். கேட்டுக் கேட்டு, ஒரு நாள் நீயே வெளிய போறத நிறுத்திடுவ. பூட்டு போடாமயே வீடு பூட்டிக்கும்."

மார்கெரித் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"எங்க போற?"

"எங்கயும் போகல."

"பின்ன ஏன் நகர்ற? இங்கயே நில்லு. மூணாவது அடி. 'நீ போனா செத்துருவேன்.'"

ழுலியேத்தின் கண்கள் கலங்கின. லெயோன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"யாரும் சாவறதில்லம்மா. நாலு நாள் பசிக்கும். அஞ்சாம் நாள் தானே சோறு வடிக்கக் கத்துக்குவான்."

"நெசமாவா?" என்று கேட்டது மார்கெரித்.

"பட்டாளத்துல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். ஒருத்தனும் சாகல" என்றார் லெயோன், ஒருத்தியாவது கவனிக்கிறாளே என்ற திருப்தியில்.

ழுலியேத் கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்காகச் சாவேன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல மாமா." சம்மதம் என்று தந்தியடிக்கப் போய்விட்டாள்.

லெயோன் தலையில் கை வைத்துக்கொண்டார். கிணற்றின் ஆழத்தை அளந்து சொன்னால், குளிக்க வசதி என்று இறங்குகிறாளே. இவ்வளவு விளக்கியும் ஒருத்திக்கும் புரியவில்லை.

"மார்கெரித், இன்னொரு காப்பி."

பதில் இல்லை. அடுப்படியில் பார்த்தார், கொல்லையில் பார்த்தார். தெருவெல்லாம் தேடிவிட்டு வாசலுக்குத் திரும்பியபோது, தெருமுனை ரிக்‌ஷாக்காரன் செல்லையன் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"அம்மா பாண்டிச்சேரி பஸ்ஸுல ஏறிட்டாங்க முசே. பாட்டு நல்லா வெளங்கிடுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."