வீட்டு மாவும் கடை மாவும்

"அந்த டின்ல இருந்த தூளா? அதைத்தானே பிளம்ஸ் பழத்து மேல தூவி அடுப்புல வெச்சிருக்கேன்" என்றாள் மேவிஸ்.

அவள் கணவர் நெவில் டிக்கின், ஒரு காலில் ரப்பர் பூட்ஸும் மறுகாலில் காலுறையுமாகச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மேவிஸ், அது மீனுக்கு!"

"மீனுக்கா? ரொட்டித்தூள், பழுப்புச் சர்க்கரை, கொத்தமல்லி வாசனை... நீ எனக்காகப் பண்ணி வெச்சிருக்கேன்னு நினைச்சேன்."

"நான் என்னிக்கு உனக்காகப் பண்ணியிருக்கேன்?"

"அதான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

அடுப்பிலிருந்து கமகமவென்று மணம் வந்தது. மத்தியானம் தேவாலயத்து விருந்தில் அந்தப் பெண்களெல்லாம் அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடப் போகிறார்கள். கால்வாயின் அடியில் கிடக்கும் பிரீம் மீன்களோ பட்டினி.

நெவில் ஓய்வுபெற்ற தபால்காரர். தூண்டில் போடுமுன் உருண்டை பிடித்துத் தண்ணீரில் எறிந்து மீனை ஓரிடத்தில் கூட்டுகிற மாவை வீட்டில்தான் செய்யவேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய சிநேகிதர் கோர்டன் ப்ரூம் கடை மாவுக் கட்சி. "அதெல்லாம் ஆராய்ச்சி பண்ணித் தயார் பண்றான்டா. உன் பொண்டாட்டி ரொட்டிக் கூடையைச் சுரண்டுறது இல்ல" என்பார். ஒரே காரில் போய், ஒரே பிளாஸ்கில் தேநீர் குடித்து வந்த இருவரும் இந்த மாவினால் போன பனிக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. இன்றைக்குப் பந்தயம். தோற்றவர் ஆயுசு முழுக்க ஜெயித்தவரின் மாவைத்தான் போடவேண்டும்.

வேறு வழியில்லை. நெவில் தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு தூண்டில் கடைக்குப் போனார்.

"நெவில்! நீயா கடை மாவு வாங்குற?" என்று கல்லாவிலிருந்த பெண் கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

"மச்சினனுக்கு."

"உனக்கு ஏது மச்சினன்?"

"புதுசு" என்றார் நெவில்.

காரில் உட்கார்ந்து பையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, மாவு மஞ்சளாக இருந்தது. அவர் மாவு பழுப்பு என்பது ஊருக்கே தெரியும். பக்கத்துக் கடையில் கோக்கோ வாங்கிக் கொட்டினார். நிறம் வந்தது. கூடவே பிறந்தநாள் கேக்கின் வாசனையும் வந்தது. அதை அடக்க, சாப்பாட்டுக் கூடையிலிருந்த மிளகுத்தூளைப் போட்டார். தும்மல் வந்தது. தும்மலில் கை ஆடித் தண்ணீர் அதிகமாகி மாவு கூழாகிவிட்டது. கடைசியில் தன் மத்தியானச் சாண்ட்விச்சையே பிய்த்துப் போட்டுப் பிசைந்தார், பாலாடைக்கட்டியோடு சேர்த்து.

வழக்கமான இடத்தில் கரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்ததால், அன்று இருவரும் மேலே மதகுப் பக்கம் போயிருந்தார்கள். இதுவரை அங்கே யாரும் தூண்டில் போட்டுப் பார்த்ததில்லை. காசு சுண்டினார்கள். நெவிலுக்கு வில்லோ மரத்தடி கிடைத்தது. கோர்டன் கூப்பிடு தூரத்தில், வளைவில் உட்கார்ந்தார்.

"என்னடா, கேக் சுடுற வாசனை வருது?"

"மேவிஸோட புதுப் பக்குவம்."

"ஹூம்" என்று கோர்டன் தன் கடைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நெவில் உருண்டையை எறிந்தார். செங்கல் விழுந்தமாதிரி தொபுக்கென்று விழுந்தது. இரண்டு வாத்துகள் பறந்தே போய்விட்டன. சரி, தொலைந்தது என்று மிதவையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பது அங்கே மிக அழகாக நடந்தது. மூடுபனி தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்தில் நின்றது. எங்கோ பசுவொன்று மெல்லக் கத்தியது. அது கத்தி முடித்த பிறகும் சத்தம் மட்டும் கொஞ்சநேரம் வயல்களில் உலாவியது. மிதவையின் சிவப்பு நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்த நெவிலுக்கு, தான் கரையில் இருக்கிறோமா தண்ணீருக்குள் இருக்கிறோமா என்பது மறந்துபோயிற்று. கால்வாய் அடியில் மேவிஸ் மேஜை விரித்துப் பிளம்ஸ் பரிமாறுவதாகவும், வெள்ளை வெள்ளையாய்த் தொப்பி வைத்த பிரீம்கள் வரிசையில் நின்று "இன்னும் கொஞ்சம், அம்மா" என்று கேட்பதாகவும் தோன்றியது.

கண் திறந்தபோது மிதவையைக் காணவில்லை.

இழுத்தார். தாம்பாளம் மாதிரி ஒரு பிரீம், சோம்பலாகத் திரும்பிப் பனியில் பளபளத்தது. அதை வலைப்பையில் விட்டுவிட்டு மறுபடி போட்டார். மறுபடி வந்தது. அவசரமில்லாமல், சண்டை போடாமல், தெரிந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் மாதிரி ஒவ்வொன்றாக வந்தன. தூக்கிப் பார்த்தால் வலைப்பை கனத்தது.

வளைவில் கோர்டனுக்கு ஒரு செதில்கூட வரவில்லை.

வெயில் ஏறிப் பனி கலைந்தபோது கோர்டன் எழுந்து வந்தார். வலைப்பையை வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஒத்துக்கறேன்டா. வீட்டு மாவுதான் மாவு. இத்தனை வருஷமா உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கேன். மேவிஸ்கிட்டயும் வந்து மன்னிப்புக் கேக்கறேன். பக்குவத்தை மட்டும் சொல்லிடு."

நெவிலால் அதைத் தாங்க முடியவில்லை. கோர்டன் கேலி செய்தால் பதில் சொல்லலாம். மரியாதை செய்தால் என்ன செய்வது?

"கோர்டன்... அது கடை மாவுடா."

"என்னது?"

நெவில் அடுப்பிலிருந்து சாண்ட்விச் வரை எல்லாவற்றையும் சொன்னார். கோர்டன் சிரிக்கவில்லை. மெல்லப் புல்லில் உட்கார்ந்தார்.

"என்னோடதுதான் வீட்டு மாவு" என்றார்.

"என்ன உளர்ற?"

"பயம் வந்துடுச்சுடா, நீ ஜெயிச்சிடுவியோன்னு. நானே ரொட்டியை வறுத்து இடிச்சு, கடைப் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். வாணலி கருகிப்போச்சு. வீட்டுக்காரி இன்னும் பாக்கல."

நெவில் தன் பையையும் அவர் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படின்னா கடை மாவுதான் ஜெயிச்சுது! நான் சொன்னது சரிதானே?" என்று கோர்டன் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஜெயிச்சது நான்! பந்தயப்படி நீ என் மாவைப் போடணும்."

"போடறேன். உன் மாவு எதுன்னு முதல்ல சொல்லு."

"நான் எப்பவும் போடறது..."

"அதைத்தான் தேவாலயத்துல சாப்பிடப் போறாங்களே!"

நெவிலுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோர்டனும் சிரித்தார். பனிக்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த சிரிப்பு அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருவரும் வலைப்பையைத் திறந்து மீன்களைத் தண்ணீரில் விட்டார்கள். பிரீம்கள் தூரப் போகவில்லை. மரத்தடி நிழலிலேயே மிதந்து, மேலே பார்த்தபடி நின்றன.

மதகுக்குப் பக்கத்திலிருந்த வீட்டின் கதவு திறந்தது. சமையல் ஏப்ரன் கட்டிய ஒரு வயதான அம்மாள், ஆவி பறக்கும் பெரிய பாத்திரத்தைச் சுமந்துகொண்டு நேரே அவர்களிடம் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கறீங்களாப்பா? தினமும் இந்த மரத்தடியிலதான் என் பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துவேன். இன்னிக்கு எனக்கு எழுந்திரிக்க நேரமாயிடுச்சு, பாவம், பசியில கண்டதையும் தின்னிருக்கும்."