கடைசியில் ஓடும் பெயர்கள்

படம் முடிந்ததும் திரையில் கீழிருந்து மேலாக ஒரு பெயர்ப்பட்டியல் ஓடுமே, அதை முழுசாகப் பார்த்த மனிதர் ஒருவரைக்கூட நான் எங்கள் பக்கம் சந்தித்ததில்லை. நாயகனும் நாயகியும் சேர்வதற்கு முன்பே நம் ஆட்கள் காலால் செருப்பைத் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்டாண்டிலிருந்து முதலில் வண்டியை எடுப்பவன்தான் அன்றைக்கு ஜெயித்தவன். என்னுடைய இசை வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பட்டியலில்தான் கழிந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவாகப் பார்த்துக் குடிபோனவன் நான். (அதுவும் வாடகைக்கு.)

விழுப்புரத்திலிருந்து கீபோர்டை முதுகில் மாட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறியபோது, ஒரே வருடத்தில் என் முகம் போஸ்டரில் வரும் என்று நம்பினேன். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் மூக்கு சின்னதாகத் தெரியும் என்றுகூட கண்ணாடியில் பார்த்து வைத்திருந்தேன். கிடைத்தது, செல்போன் விளையாட்டுகளுக்கு இசை போடும் வேலை. காசு விழுந்தால் ஒரு சத்தம், உயிர் போனால் ஒரு சத்தம். ஒரு முயல் கேரட்டைக் கடிக்கும்போது வரும் அரை விநாடி சத்தத்துக்கு வாரக்கணக்கில் திருத்தம் சொன்னார்கள். முயல் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகக் கடிக்க வேண்டுமாம். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டுக்கு அவ்வளவு சந்தோஷம் என்னிடம் இருப்பு இல்லை.

அடுத்து நண்பர்களோடு சேர்ந்து தனிப்பாடல் ஒன்று போட்டேன். பிரபு என்ற பெயர் பழசாக இருக்கிறது என்று, ‘ப்ரப்ஸ்’ என்று வைத்துக்கொண்டேன். காலேஜ் பிள்ளைகள் அதை வைத்து ஆடி ஆடி வீடியோ போட்டார்கள். ஊருக்குப் போனபோது அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டை ஒன்றும் சொல்லவில்லை. பெயரை மட்டும் கேட்டார்.

“ப்ரப்ஸா? இன்னாடா இது, பிஸ்கெட்டு பேரு மாரி கீது. என் பேரு எங்க இதுல?”

அப்பாவின் பெயர் ஏழுமலை. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையும் நெல் மூட்டையும் தூக்கியே எங்களை வளர்த்தார். டீக்கடையில் கூட்டாளிகள் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, என் பையன் பாட்டு போடறான் என்பாராம். எந்தப் படம் என்று கேட்டதும், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவாராம். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முயலையும் கேரட்டையும் அவர் டீக்கடையில் எப்படி விளக்குவார்?

பிறகு சினிமா வந்தது. வந்தது என்றால், பெரிய இசையமைப்பாளர் ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்து, படத்தின் பின்னணி இசையில் பாதியைப் போட்டுக் கொடுக்கும் வேலை வந்தது. பாட்டு அவருடையது, சண்டை அவருடையது. யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள், யாரோ கதவைத் திறக்கிறார்கள், நாயகியின் சித்திக்கு வயிற்று வலி, இதெல்லாம் என்னுடையது. இந்த முறை பெயர் போடுவோம், கடைசியில் வரும், எப்படிப் போட வேண்டும் என்று எழுதி அனுப்பு என்றார்கள். ப்ரப்ஸைத் தலைமுழுகிவிட்டு, ‘ஏழுமலை பிரபு’ என்று அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குத் தொண்டையில் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். வெளிக்கூடத்து டி.வி.யில் பெயர் வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கேதான் ஒரு நாள் என் போனை வாங்கி, முயல் விளையாட்டை விளையாட ஆரம்பித்தார். சத்தத்தை முழுசாக வைத்துக்கொண்டு ஆடுவார். (பக்கத்தில் இருந்தவர்கள் என்னை முறைப்பார்கள். அந்த இசைக்கு நான் வாங்கிய நேரடி விமர்சனம் அதுதான்.) குரல் அதற்குள் பாதி போயிருந்தது. கிட்டே குனிந்தால்தான் கேட்கும்.

“இந்தப் பாட்டு எப்ப முடியும்?”

“முடியாதுப்பா. சுத்திக்கினே இருக்கும். நீ தோத்தாதான் நிக்கும்.”

“அப்ப சரி” என்று மறுபடி ஆட ஆரம்பித்தார். நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அலைக்கழிக்க வேண்டாம், வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் என்றார். அம்மா போய் என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டாள். மீன் குழம்பு என்பார், எப்படி விழுங்க வைப்பது என்று அவள் அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள். அவர் கேட்டது வேறு.

“அவன் பேரு தேட்டர்ல வர்றத பாக்கணும்.”

படம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. விழுப்புரத்தில் எல்லா தியேட்டரையும் பெரிய ஹீரோவின் படம் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் படம் திண்டிவனத்தில்தான் ஓடியது. அக்கா கவிதாவின் வீட்டுக்காரர் சேகர் மாமா வேன் வைத்து ஓட்டுகிறவர். சனிக்கிழமை மதியம் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பின் சீட்டில் மெத்தை போட்டு அப்பாவைச் சாய்த்தோம். அம்மா பிளாஸ்கில் கேப்பைக் கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பட்டன் போட்டும் சட்டை தோளில் நிற்கவில்லை.

மேட்னிக்கு மொத்தம் ஒரு வேன் கூட்டம்கூட இல்லை, எங்களையும் சேர்த்து. முதல் பாட்டு வந்ததும் அப்பா என் பக்கம் சாய்ந்து, “இது உன்துதா?” என்றார். இல்லை என்றேன். சண்டை வந்தது. “இது?” இல்லை. இரண்டாவது பாட்டுக்கும் கேட்டார். இல்லை. சித்திக்கு வயிற்று வலி வந்தபோது நானே அவர் கையைப் பிடித்து, இதுதான்பா என்னுது என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். அந்தம்மா திரையில் முனகிய முனகலில் என் வயலின் ஒன்றும் காதில் விழவில்லை. இருந்தாலும் நல்லா கீது என்றார். சேகர் மாமா இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். படத்தில் நான் உயிரைக் கொடுத்துப் போட்ட ஒரே இடம், கடைசிக்கு முந்தின சாவுக் காட்சி. அங்கே மாமாவின் குறட்டை சரியாகத் தாளத்தில் சேர்ந்தது.

படம் முடிந்தது. பெயர் ஓட ஆரம்பித்தது. மேலே இரண்டு வரி போயிருக்கும், கதவுகளைத் திறந்துவிட்டார்கள், லைட்டைப் போட்டார்கள், திரை வெள்ளையாகிவிட்டது. துடைப்பத்தோடு ஓர் அம்மா உள்ளே வந்தார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே, “எங்கடா?” என்றார்.

இத்தனை வருடம் சினிமாவில் குப்பை கொட்டியவனுக்கு, நம் ஊர் தியேட்டரில் கடைசிப் பெயர்களை ஓட விட மாட்டார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டாமா? நானே எத்தனை படத்துக்கு அந்த நேரத்தில் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறேன்! படியேறி ஆப்ரேட்டர் கேபினுக்கு ஓடினேன். அவர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஜனம் எழுந்துவிட்டால் நிறுத்திவிடுவதுதான் வழக்கம், அடுத்த ஷோவுக்குப் பெருக்க வேண்டும், அதையெல்லாம் யார் சார் பார்க்கிறார்கள் என்றார். எங்க அப்பா பார்க்கிறார் என்றேன். அவர் கேபின் சுவரில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். ஆப்ரேட்டர் டப்பாவை மூடி வைத்தார்.

“சவுண்ட ஆஃப் பண்ணிட்டேன் சார். படம் மட்டும்தான் வரும். ஜல்தியா போய் பாத்துக்கங்க.”

நான் கீழே வந்து அப்பா பக்கத்தில் உட்காரவும் லைட் அணையவும் சரியாக இருந்தது. இசைக்காரனின் பெயரைப் பார்க்க வந்த குடும்பத்துக்குச் சத்தமே இல்லாமல் பெயர்கள் ஓடின. எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், யாரோ துரத்துவதுபோல் ஓடின. அப்பாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். பெருக்க வந்த அம்மாவும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நின்று பார்த்தார்.

இசைப் பகுதி வந்தது. பெரியவர் பெயர் வந்தது. அதற்குக் கீழே ‘அண்ட் டீம்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்து நடனம் வந்துவிட்டது.

நான் அந்த ‘அண்ட் டீம்’முக்குள் எங்கேயோ இருந்தேன். என்னோடு அப்பாவும் இருந்தார். ஒருவேளை பின்னால் எங்காவது போட்டிருப்பார்களோ என்று உடைக்காரர்கள், லைட்காரர்கள், சாப்பாட்டுக்காரர்கள் எல்லோரையும் படித்தேன். வயிறு கலங்கியது. அந்தச் சித்தி எவ்வளவு சரியாக நடித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதற்குள் சேகர் மாமா விழித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் திரையைப் பார்ப்பதைப் பார்த்தார். தான் தூங்கியதை ஈடுகட்ட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். சடாரென்று எழுந்து விரலை நீட்டினார்.

“தோ வந்துட்ச்சி மாமா! நம்ம பிரபு பேரு, தோ!”

கைதட்டினார். அம்மாவும் தட்டினாள். கூழ் பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, ஒன்றும் பார்க்காமலேயே தட்டினாள். துடைப்பக்கார அம்மாவும் தட்டினார். மாமா விரல் நீட்டிய வரியில் இருந்தது, ஜெனரேட்டர் வண்டி ஓட்டியவரின் பெயர். அப்பா சிரித்துக்கொண்டே மாமாவின் கையைப் பிடித்து அழுத்தினார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறான் என்று அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது மாமா வண்டி ஓட்ட, அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, தம்பி பேர் வந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா அசந்து தூங்கிவிட்டாள். அப்பாவின் தலை என் மடியில். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது கையை அசைத்து என்னைக் குனியச் சொன்னார்.

“வரலதான?”

நான் அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்தேன்.

“ஆஸ்பத்திரில டி.வி.ல பேரு வரும்ல. இங்கிலீஷுலதான் வரும். அத்த பாத்து பாத்து எனக்கு என் பேரு தெரியும்டா. அந்த மாரி ஒண்ணும் வரல.”

“போடறேன்னாங்கப்பா. போடல.”

“சரி வுடு. மாப்ளகிட்ட சொல்லிடாத. ஆசையா கை தட்டிட்டாரு, பாவம்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அடுத்த படத்துல முன்னாடியே போட சொல்லு. கடைசில போட்டா எவன் பாக்கறான்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது. அடுத்த படம் வரும்போது இவர் இருக்க மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன், டோல்கேட் மேட்டில் வண்டி குலுங்கினாலும் அது ஆடாமல் இருக்க.

அந்த மாதம் தாண்டவில்லை அப்பா. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சேகர் மாமா பந்தலில் உட்கார்ந்து அந்தச் சனிக்கிழமைக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் விரலை நீட்டிக் காட்டினார். கமிட்டியில் அப்பாவோடு மூட்டை தூக்கிய ஆட்கள் என் தோளைத் தட்டி, உன் பேரைப் பார்த்துட்டுதான்பா போனாரு, குடுத்து வச்சவன் நீ என்றார்கள். நான் தலையாட்டினேன். அப்பா செத்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் அன்றைக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது எந்தப் படத்துக்குப் போனாலும் கடைசி வரை ஒருவரும் எழுந்திருப்பதில்லை. சேகர் மாமா ஒரு வரியைக் காட்டிக் கைதட்டினால்தான் படம் முடிந்ததாகக் கணக்கு. யார் படமாக இருந்தாலும் காட்டுவார். டி.வி.யில் ஓடும் தெலுங்குப் படத்தில்கூட என் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார். அக்கா பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை.

போன வருடம் நான் தனியாக இசையமைத்த முதல் படம் வந்தது. சின்னப் படம்தான். பெயரை முன்னாடியே போடச் சொல்லியிருந்தேன். இசை, ஏழுமலை பிரபு என்று திரை நிறையத் தமிழில் வந்தது. அதே திண்டிவனம் தியேட்டர். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள், பெயரின் முதல் பாதியை மட்டும் இரண்டு முறை. சேகர் மாமா பாவம், வேனை நிறுத்த இடம் தேடிவிட்டு உள்ளே வருவதற்குள் அது போய்விட்டது. அக்கா சொன்னதற்கு, பரவால்ல, கடைசில வரும்ல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆப்ரேட்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டதால் கடைசிப் பெயர்கள் முழுசாக ஓடின, இந்தத் தடவை சத்தத்தோடு. மாமா முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதியில் சடாரென்று எழுந்து விரலை நீட்டிக் கைதட்டினார். யாரோ ஒரு சாப்பாட்டு வண்டிக்காரரின் பெயர் மேலே போய்க்கொண்டிருந்தது. மாமா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“அன்னிக்கி மாமா பாத்தாரே, அதே எடத்துலதான் வருது பாரு.”

“ஆமா மாமா, அதே எடந்தான்” என்று நானும் எழுந்து கைதட்டினேன்.