மேல்சட்டத்து லட்சுமி

சைகோனில் இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்த வேலை, காகிதத்தில் முத்திரை குத்துவது. காலையில் குத்தினேன். மத்தியானம் தூங்கினேன். சாயங்காலம் மறுபடி குத்தினேன். நாற்பத்தெட்டாவது வயதில் பாகூருக்குத் திரும்பி, ஏரிக்கரைப் பக்கம் வீடு கட்டத் தொடங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. என் கையால் செய்தது என்று காட்ட இந்த உலகத்தில் ஒரு முக்காலிகூட இல்லை.

ஆகவே முடிவெடுத்தேன். தலைவாசல் நிலையின் மேல்சட்டத்தில் வரவேண்டிய கஜலட்சுமியை நானே செதுக்குவது. எல்லாம் முடிந்தபின் கீழ்மூலையில், நெல்மணி அளவு எழுத்தில், என் பெயர்: ஏகநாதன், 1936.

மனைவி தையலம்மாளிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"ஆசாரி செத்துப்பூட்டாரா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"ஒரு மனத் திருப்திக்கு."

"அது எத்தினி நாள்ல முடியும்?"

"ஒரு மாசம்."

அது தை மாதம். இப்போது நான் சொல்லப்போவது வைகாசியில் நடந்தது.

சிங்காரவேலு ஆசாரி நான்கு உளிகளை இரவல் கொடுத்தார். கூடவே ஒரே ஒரு புத்தி சொன்னார்: "நாரு போற பக்கமே போங்க. எதுத்துப் போனா பிச்சுக்கும்." எனக்கு அது போதவில்லை. என்னிடம் சைகோனில் வாங்கிய, மரம் செதுக்குவது பற்றிய பிரெஞ்சுக் கையேடு இருந்தது. அதில் திராட்சைக் கொத்து இருந்தது, இறக்கை முளைத்த குழந்தை இருந்தது, லட்சுமி இல்லை. கடைசி அதிகாரம் பிழைகளையும் பரிகாரங்களையும் பற்றியது. நான் அங்கிருந்துதான் படிக்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் மூக்கு போயிற்று. நாரை எதிர்த்துப் போயிருந்தேன். மண்டியிட்டுத் தேடி, மரச்சுருள்களுக்கு நடுவே அந்தத் துண்டைக் கண்டெடுத்தேன். உடைந்ததை ஒட்டு என்றது கையேடு. சமையலறை அடுப்பில் வச்சிரம் காய்ச்சினேன். நாற்றம் போய்த் தையலம்மாளை அழைத்து வந்தது.

"இன்னாங்க இது?"

"வச்சிரம். மூக்கு ஒட்டறதுக்கு."

"எதுல செய்றாங்க இத?"

இரண்டு மொழி படித்தவன் நான். ஏதாவது ஒன்றில் பொய் சொல்லியிருக்கலாம்.

"மாட்டுத் தோல்ல."

அவள் முந்தானையால் சட்டியைப் பிடித்து இறக்கி, வேலிக்கு அந்தப்புறம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "தாயாருக்கு மாட்டுத் தோலு மூக்கா? எழுந்திருங்க. அடுப்ப மொழுவணும்."

எனவே இரண்டாவது பரிகாரம். ஒட்ட முடியாவிட்டால், சுற்றியுள்ளதைத் தாழ்த்து. கன்னத்தைத் தாழ்த்தினேன், மூக்கு என்று ஒன்று தெரிந்தது. இப்போது நெற்றி தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நெற்றியைத் தாழ்த்தினேன். கிரீடம் துருத்தியது. அதையும் தாழ்த்தினேன். தோள், கை, தாமரை என்று ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறங்கின. ஒரு மாதத்தில் லட்சுமி ஒரு விரற்கடை உள்ளே போய்விட்டாள். இரண்டு பக்கத்து யானைகளும் கிணற்றுக்குள் விழுந்தவரை எட்டிப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பின்னணி மேடும் பள்ளமுமாக இருந்தது. அதற்கும் பரிகாரம் உண்டு: ஆணி முனையால் முழுக்கப் புள்ளி குத்தினால் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. குத்துவது என் தொழில். நான்கு நாள் குத்தினேன்.

தையலம்மாள் வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாவம். தாயாருக்கு எப்ப அம்ம வாத்துது?"

அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மேல்சட்டம் இல்லாமல் நிலை இல்லை. நிலை இல்லாமல் கதவு இல்லை. நான்கு மாதமாகத் தலைவாசலில் ஓலைத் தட்டிதான். அடுத்த வீட்டுப் பக்கிரியின் ஆடு தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, மகள் விசாலாட்சிக்குப் பரிசம் போட நாள் குறித்து மஞ்சள் தடவி வைத்திருந்த காகிதத்தைத் தின்றுவிட்டுப் போயிற்று.

"ஆடு தின்னுட்டா தேதி மாறிப்பூடாது" என்றாள் தையலம்மாள். "வர்ற வெள்ளிக்கிழம. அபிஷேகப்பாக்கத்திலேர்ந்து பத்து பேரு வராங்க. தட்டிக்கு அடியில பூந்து வரணுமா? இது பொண்ணு வூடா, கோழிக் கூண்டா?"

"இன்னும் முடியலையே. மூக்குக்கிட்ட கொஞ்சம் இழைக்கணும். தாமர இதழுக்கு அடியில வெட்டிக் குடுத்தா நிழல் விழும்."

"நல்லாத்தான் கீது. ஏத்திடலாம்."

"கண்ணே இன்னும் தொறக்கல."

"தொறந்துடுங்களேன்."

இங்கேதான் எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். "கண்ணு கடைசியிலதான். தொறந்துட்டா அது மரமில்ல, தெய்வம். அதுக்கப்புறம் உளி படக்கூடாது."

"படவே கூடாதா?"

"ஒரு கீறல்கூட."

"ஆசாரிதான் தொறக்கணுமா?"

ஆசாரி வந்து கண்ணைத் தொட்டால் ஊரே அவர் வேலை என்று சொல்லிவிடும் என்ற பயம் எனக்கு. "தேவையில்ல. குளிச்சி, கற்பூரம் ஏத்தி, வூட்டு ஆளு யாரு தொறந்தாலும் செல்லும்."

"ஓ" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அந்த "ஓ"வை நான் எடை போட்டிருக்க வேண்டும். இதழுக்கு அடியில் எப்படி நிழல் விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் வடை இருந்தது, பாயசம் இருந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு டம்ளர் குடித்தேன். பிறகு சைகோன் வழக்கப்படி படுத்தேன். அங்கே அது இரண்டு மணி நேரம். பாயசம் அதை மூன்றாக்கியது.

கற்பூர வாசனையில் விழித்தேன்.

கூடத்தில் மேல்சட்டம் சுவரில் சாய்ந்து நின்றது. பூ வைத்திருந்தது. உடைத்த தேங்காய் இருந்தது. ஈரத் தலையோடு தையலம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் என் ஆகச் சின்ன உளி; அதன் பிடியில் குங்குமம். விசாலாட்சி பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

லட்சுமி என்னைப் பார்த்தாள்.

கண்ணுக்கு இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். தினமும் வாசலில் அரிசி மாவால் வளைவு இழுத்த கை, ஓரிடத்திலும் பிசகவில்லை. எனக்கு வருத்தம் அவள் திறந்துவிட்டாள் என்பதல்ல. நன்றாகத் திறந்துவிட்டாள் என்பதுதான்.

"இன்னா பண்ணிட்ட?"

"தொறந்துட்டேன். மொகம் கழுவினு வந்து கும்புடுங்க."

நான் உளிக்குக் கை நீட்டினேன். "மூக்கு மட்டும்..."

"தெய்வம்" என்றாள். "ஒரு கீறல்கூடக் கூடாது. நீங்கதான சொன்னீங்க?"

"என் பேராவது..."

"தாயாரு காலடியில உங்க பேரு இன்னாத்துக்கு?"

வாசலில் யாரோ இருமினார்கள். சிங்காரவேலு ஆசாரி, கையில் கொட்டாப்புளி மரச்சுத்தியலோடு நின்றிருந்தார். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தாளாம். வெளிச்சம் போவதற்குள் நிலை நின்றது. கதவும் நின்றது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தங்கவேல், நெடுநெடுவென்று உயர்ந்த குடியானவர். எல்லோரும் உள்ளே போனபின்னும் அவர் மட்டும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரு வேலைங்க?"

நான் வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷ முத்திரைக்குப் பதிலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம். தொண்டையைச் செருமினேன். செருமியிருக்கக் கூடாது.

"இவங்க பாட்டன் காலத்து நெலைங்க" என்றாள் தையலம்மாள் எனக்குப் பின்னாலிருந்து. "பழைய வூட்டுப் பரண்ல கெடந்துது. கறையான் பூந்து, புள்ளி புள்ளியா அரிச்சி, தேஞ்சிப்போயிருந்துது. தூக்கிப் போட மனசு வரல. கண்ண மட்டும் புதுசாத் தொறந்து வச்சோம்."

தங்கவேல் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கும்பிட்டார்.

"அதான பாத்தேன். அந்தக் காலத்துக் கையே வேறங்க. இப்ப இருக்கறவன் எவன் செய்வான்?"

தையலம்மாள் என்னைப் பார்த்தாள். உள்ளே விசாலாட்சியின் வளையல் சத்தம் கேட்டது.

"ஆமாங்க" என்றேன்.

அவர் கையை உயர்த்தி மெதுவாகத் தடவினார். "பாவம், இந்த எடத்துலதான் கறையான் ரொம்ப அரிச்சிருக்குது."

அவர் விரல் நின்ற இடம், நான் நான்கு மாதம் இழைத்த மூக்கு.