சிவப்பு நூல்கண்டு சொன்ன பொருத்தம்

எங்கள் தெருவில் முட்டாள்கள் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் இருக்கிறார். வரி ஆலோசகர் இருக்கிறார். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர்கூட இருக்கிறார். இவர்கள் எல்லோரும் சனிக்கிழமை தவறாமல் வண்ணமீன் கடை வாசலில், கையில் தங்கள் மீனின் போட்டோவோடு வரிசையில் நின்றார்கள். எதிரே படங்களுக்குக் கண்ணாடி போட்டுக்கொடுக்கிற எனக்கு நல்ல காட்சி. வேலைதான் ஓடவில்லை.

உள்ளே உட்கார்ந்திருந்தவர் மச்ச ஞானி. வெள்ளைச் சட்டை, வலது கை விரலில் புளியங்கொட்டை அளவு சிவப்புக் கல் மோதிரம், எதையும் அவசரப்படாமல் பார்க்கும் கண்கள். போன வருஷம் வரை வீடு வீடாக வாட்டர் ஃபில்டர் விற்றுக்கொண்டிருந்தவர்தான். தண்ணீரோடு பழகிப் பழகி மீன் பாஷை வந்துவிட்டதாம். எனக்கும் கண்ணாடியோடு பல வருஷப் பழக்கம். அது இதுவரை என்னிடம் வாயைத் திறக்கவில்லை.

எந்த மீனை எந்த மீனோடு ஒரே தொட்டியில் விடலாம் என்று பொருத்தம் பார்த்துச் சொல்வது அவர் தொழில். வீட்டு மீனின் போட்டோவை நெற்றியில் வைத்துக்கொண்டு, "இதுக்குப் போன ஜென்ம உறவு ஒண்ணு இந்தக் கடையிலதான் இருக்கு" என்பார். எப்போதும் இந்தக் கடையில்தான். பக்கத்துத் தெருவில் இன்னொரு மீன் கடை உண்டு. அங்கே இருக்கும் மீன்களுக்குப் போன ஜென்மமே இல்லை போலிருக்கிறது.

பிறகு எழுந்து தொட்டி தொட்டியாகப் போவார். "சேர்ந்து வாழச் சம்மதமா?" என்று கேட்டுக் கண்ணாடியில் கையை வைப்பார். ஒரு தொட்டிக்கு இடது கை, ஒரு தொட்டிக்கு வலது கை. சில தொட்டியில் மீன்கள் திரும்பியும் பார்க்காது. அது சம்மதமில்லை. வேறொன்றில் முண்டியடித்துக்கொண்டு கைக்கு நேரே வந்து வாயைப் பிளக்கும். அது சம்மதம். கூட்டம் "ஆஹா" என்று மூச்சை இழுக்கும். ரொம்ப நாளாக விற்காத மீன்களே அதிகம் சம்மதித்தன என்பதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

பல் டாக்டர் அப்படித்தான் ஒரு பெரிய மீனை வாங்கிப்போய் தன் பொடி மீன்களோடு விட்டார். மறுநாள் பொடி மீன்களைக் காணோம். பெரியது மட்டும் திருப்தியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிவந்து முறையிட்டார்.

"வீட்டுல புருஷன் பொண்டாட்டி மனஸ்தாபம் இருக்கா, டாக்டர்?" என்று கேட்டார் ஞானி.

இல்லாத வீடு எது? டாக்டர் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அந்த அம்மா கேட்டார். டாக்டர் யோசித்து ஒன்றைச் சொன்னார். அதுவரை இல்லாத மனஸ்தாபம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. ஞானியின் வாக்கு பலித்துவிட்டது என்று டாக்டரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில், என் கடைக்கு அடுத்து ரவிக்கை தைக்கும் தையல்கார அம்மாவும் ஒருநாள் வரிசையில் நின்றார். அவர் கணவர் கப்பலில் சமையல்காரர். போகும்போது இரண்டு தங்க மீன்களை வாங்கி வைத்துவிட்டுப் போனார். ஒன்றுக்குப் பொத்தான் என்று பெயர். இன்னொன்று வாலை விசிறிக்கொண்டு நீந்தும், அது ஃப்ரில். தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவார். "ஃப்ரில் எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. "நான் எப்படி இருக்கேன்னு அப்புறம்தான் கேப்பாரு. ஆனா கேப்பாரு" என்று தையல்கார அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

பொத்தான் வயதாகிப் போய்ச் சேர்ந்தது. ஃப்ரில் தனியாகச் சுற்றியது. தனிமை என்னவென்று அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், பார்க்கப் பொறுக்கவில்லை. ஞானி போட்டோவைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

"துணை இல்லாட்டி உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இது தாங்காதும்மா."

துணையையும் அவரே காட்டினார். ஆஸ்கர் மீன். உள்ளங்கை அகலம், கறுப்பு உடம்பில் நெருப்புத் திட்டு, தடித்த உதடு. ஃப்ரில்லுக்குப் போன ஜென்மத்துப் புருஷனாம். நாளைக்கு நல்ல நேரம் பார்த்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு லீவில் வந்திருந்தார் அந்த அம்மாவின் நாத்தனார். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. எதைச் சொன்னாலும், "சோதிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சொந்தக்காரர்களிடம் கெட்ட பெயர் வாங்கியவர்.

"போன ஜென்மத்துப் புருஷனா?" என்றார் அவர். "அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா, அண்ணி?"

"கிண்டல் பண்ணாதேம்மா. நானே பயந்துபோயிருக்கேன். நான் கண்ணால பாத்தேன். அவரு கையை வெச்சதும் எல்லாம் ஓடி வருது."

நாத்தனார் தையல் மிஷினை ஒட்டியிருந்த ஃப்ரில்லின் தொட்டி அருகே போனார். தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின் ஓரமாக ஒரு சிவப்பு நூல்கண்டு இருந்தது. அதற்கு நேரே ஃப்ரில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. நூல்கண்டை இந்தப் பக்கம் நகர்த்தினார். ஃப்ரில் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் நகர்த்தினார். அங்கேயும் வந்தது. எடுத்துவிட்டு நீல நூல்கண்டை வைத்தார். ஃப்ரில் அலட்சியமாகச் செடிக்குள் போய்விட்டது.

"அண்ணி, இதுக்கு எதுல தீனி போடுறீங்க?"

"கரண்டியிலதான். தீனி டப்பாவோட கடையில சும்மா குடுத்தாங்க. அவங்களும் இதேதான் வெச்சிருக்காங்க."

சிவப்புக் கரண்டி.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார் நாத்தனார். நூல்கண்டுகள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமையானாலும் கூட்டம் வழக்கம்போல. ஞானி ஆஸ்கர் தொட்டியில் வலது கையை வைத்தார். அத்தனையும் பாய்ந்து வந்தன. "பாத்தீங்களா, மாப்பிள்ளைக்கு எவ்வளவு அவசரம்" என்றார்.

"நானும் ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றார் நாத்தனார்.

"வெளியாளுங்ககிட்ட இதுங்க பேசாதும்மா."

"பேசலைன்னா நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

நீல நூல்கண்டைக் கண்ணாடியில் வைத்தார். "இந்த ஐயாவுக்கு உங்க பாஷை தெரியுமா?" ஒரு மீனும் அசையவில்லை. சிவப்பை வைத்தார். "அப்போ தெரியாதா?" ஆஸ்கர்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து வந்தன. அடுத்த தொட்டிக்குப் போனார். அதுவும் தெரியாது என்றே சொன்னது. அதற்கடுத்த தொட்டியும். கடை முழுக்க ஒருமனதாகத் தீர்ப்பு.

இயற்பியல்காரர்தான் முதலில் சிரித்தார். சிரித்தபிறகு தான் எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அந்த நூல்ல ஏதோ சக்தி இருக்கு" என்றார் ஞானி.

"இருக்கட்டும். மோதிரத்தைக் கழட்டிட்டு நீங்க கேளுங்க."

"இது கழட்ட வராது."

அப்போது தையல்கார அம்மா முன்னால் வந்தார். பையிலிருந்து ஒரு கறுப்புத் துண்டுத் துணியை எடுத்து, ரவிக்கைக்கு அளவு எடுப்பது போல நிதானமாக அந்த விரலைச் சுற்றிக் கட்டினார். "கழட்ட வேண்டாம். இப்போ கேளுங்க."

ஞானி கேட்டார். கெஞ்சியும் கேட்டார். தட்டிக்கூடப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு அவசரமே இல்லை.

தையல்கார அம்மா மீன் கடைக்காரர் பக்கம் திரும்பினார். அவர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இதை என் ஃப்ரில்லோட விட்டா என்ன ஆகும்?"

"அது... இது வளரும்மா. வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் தின்னும்."

அவ்வளவு கோபத்தில் அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. "சாயங்காலம் அவரு கேப்பாரே. ஃப்ரில் இல்லாத தொட்டியவா நான் காட்டியிருப்பேன்? நீ வளர்த்த லட்சணம் இதுதான்னு நெனச்சிருக்க மாட்டாரா?"

கடைக்காரர் கையிலிருந்த சிவப்புக் கரண்டியை மெல்ல மேஜைக்கு அடியில் வைத்தார்.

"பொருத்தம் பாக்குறதுல தப்பில்லை அண்ணி" என்றார் நாத்தனார். "ஒண்ணு இன்னொண்ணோட வாய்க்குள்ள போகுமா, ரெண்டுக்கும் ஒரே சூட்டுத் தண்ணி ஒத்துக்குமா, ஒண்ணு இன்னொண்ணோட வாலைக் கடிக்குமா. இதைக் கேட்டா போதும். இதுக்கு மோதிரம் எதுக்கு?"

பல் டாக்டர் அப்போதுதான் தன் பொடி மீன்கள் எங்கே போயின என்று கண்டுபிடித்தார். வாயைப் பற்றியே படித்த மனிதர்.

பக்கத்துத் தெருக் கடையிலிருந்து ஃப்ரில்லுக்கு ஒரு துணை வந்தது. அதே ஜாதித் தங்க மீன், அதே அளவு, அதே சோம்பல். கப்பல்காரர் வீடியோவில் பார்த்து அதற்கு ஹூக் என்று பெயர் வைத்தாராம். ஞானியையும் காணோம். எங்கேயோ கிளிகளுக்கு ஆலோசனை சொல்கிறார் என்று கேள்வி.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் தெருவை நானே மெச்சியிருப்பேன். அடுத்த சனிக்கிழமை காலை தையல் கடை வாசலில் வரிசை. முதல் ஆள் வரி ஆலோசகர், கையில் மீன் போட்டோ.

"அம்மா, அந்தச் சிவப்பு நூல்கண்டை ஒரு தடவை எங்க தொட்டிக்கு வெச்சுப் பாக்கக் குடுப்பீங்களா? நல்லா வாக்கு சொல்லுதாமே."

மீனைச் சொல்லிக் குற்றமில்லை. சிவப்பு வந்தால் சாப்பாடு வரும் என்பதை அது தினமும் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம்தான் ஓடிவந்தது. நாம் எதைப் பார்த்து ஓடினோம்?