விமர்சனத்தின் கடைசிப் பந்தியை எடுத்துவிடும்படி கேட்டு

வங்காலை,
புனித ஆனாள் திருநாளுக்கு முந்திய கிழமை.

'வெயில்மழை' இணைய சஞ்சிகையின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். தாங்கள் வேறு சமயமென்றால் அதை வணக்கமாக மாற்றி வைத்துக்கொள்ளவும். ஐயா என்பதா அம்மா என்பதா என்று தெரியவில்லை. இந்தச் சஞ்சிகைக்காரரிடம் அதை அவசரப்பட்டு முடிவுசெய்யக் கூடாது என்று மகள் றொஷேல் சொல்கிறாள். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மனைவி றஞ்சிதமும் மகளும் சுகம். எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சோறு இறங்குதில்லை. நான் உங்களுக்குச் சினிமா விமர்சனம் எழுதும் றொட்னியின் தகப்பன். பெயர் பஸ்ரியன், தொழில் கடல். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. எழுத்துப் பிழைகளைப் பொறுத்தருளவும்.

மகன் கொழும்பில் இருந்துகொண்டு சினிமா பற்றி எழுதுகிறான் என்று தெரியும், எதில் என்று கேட்கத் தோன்றவில்லை. போன கிழமை றொஷேல் தன் போனில் அவனுடைய போட்டோவையும் பெயரையும் காட்டினாள். ஆசிரியர் அவர்களே, இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து திரும்பி வந்தபோது வீட்டில் பிள்ளைகளின் ஒரு போட்டோகூட மிஞ்சியிருக்கவில்லை. அப்படியிருக்க உலகமே பார்க்கிற இடத்தில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். எனக்குத் தலைகால் தெரியவில்லை. எங்கள் ஊரில் பிள்ளை சோதனை பாஸ் பண்ணினாலும், வள்ளத்துக்குப் புது எஞ்சின் வந்தாலும் நன்றிப் பூசை ஒப்புக்கொடுப்பது வழக்கம். "அப்பா, முதல்ல முழுக்க வாசியுங்கோ" என்று றொஷேல் பின்னால் ஓடி வரவர, நான் சைக்கிளை மிதித்துப் பங்குச் சுவாமியிடம் போய்விட்டேன். என்ன சஞ்சிகை என்று சுவாமி கேட்டார், சினிமா என்றேன், அது பொய்யில்லைத்தானே. பூசையில் பெயர் சொல்லி வாழ்த்தினதோடு நிற்காமல், இளைஞர் எல்லோரும் இதைத் தேடி வாசிக்க வேண்டும் என்று பீடத்தில் நின்று சொல்லிவிட்டார். எங்கள் இளைஞர் சுவாமி சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நான் கேக்கும் பிளேன்ரீயும் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன், சனம் கேக்கை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. புகழ் என்று நினைத்து இன்னும் நிமிர்ந்தேன். என்னோடு கடலுக்கு வருகிற பேதுருதான் தோளில் கைபோட்டு ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"பஸ்ரியன், உம்மட பெடியன் நல்லாத்தான் எழுதியிருக்கிறான். கடைசிப் பந்திய வாசிச்சனீரோ?"

வாசித்தும் காட்டினான். உங்கள் சஞ்சிகை ஆணை விரும்பும் ஆணுக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும், திருநங்கையருக்கும் உரியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விமர்சனத்துக்கு எடுத்த சினிமாவில் காதலிக்கிற இரண்டு பெடியன்மாரும் பிரிந்துபோனாலும், தானும் துஷாந்தனும் பிரியாமல் ஒரே வீட்டில் சீவிக்கிறோம் என்று மகன் எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே, 'அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை இனி வள்ளத்தில் ஏற்றமாட்டார்' என்றும் எழுதியிருக்கிறான். பேதுருவின் கவலை வேறு. எங்கள் கத்தோலிக்க வேதத்துக்குள்ளேயே ஒரு பெடியன் கிடைக்கவில்லையா என்று கேட்டான். சுவாமி இன்னொரு துண்டு கேக் எடுத்தார்.

துஷாந்தனை எனக்குத் தெரியும். நறுவிலிக்குளத்து வயல்காரப் பிள்ளை. போன திருநாளுக்கு மகனின் அறைத்தோழன் என்று ஒரு மூட்டை அரிசியோடு வந்து, றஞ்சிதத்துக்குத் தேங்காய் துருவிக் கொடுத்து, கடல் பார்க்க வேணுமென்று என் வள்ளத்தில் ஏறி, கரை மறைய முன்னமே அலையாட்டத்தில் குடல் புரண்டு சத்தியெடுத்தவன். இப்படியொரு மருமகன் கிடைத்தால் போதும் என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுச் சொன்னவன் நான்தான். றொஷேலைக் கட்டித் தரட்டோ என்றும் கேட்டுவிட்டேன். பெடியனுக்குப் புரையேறியது, மகன் அவன் தலையில் தட்டினான், றொஷேல் எழும்பிக் குசினிக்குள் போய்ச் சிரித்தாள். மீன்முள் சிக்கிவிட்டதாக்கும் என்று வாழைப்பழம் உரித்துக் கொடுத்த மடையன் நான்.

பூசைக் கதை கொழும்புக்கு எட்டியதும் மகன் போனை நிறுத்திவிட்டான். தங்கச்சிக்கு மட்டும் ஒரு செய்தி: அப்பாவை ஊருக்குள் தலைகுனிய வைத்துவிட்டேன், திருநாளுக்கு வரவில்லை. முகாமில் கிடந்த காலத்திலும் நாங்கள் திருநாளன்று ஒரு பானைச் சோற்றைத்தான் பகிர்ந்து தின்றோம். ஆகவே தாழ்மையாகக் கேட்பது, அந்தக் கடைசிப் பந்தியை மட்டும் எடுத்துவிடுங்கள். சனம் மறந்துவிடும், மகன் வருவான், நானும் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பின்வாசலால் போகாமல் முன்வாசலால் போவேன்.

தங்களுக்கும், தங்கள் சஞ்சிகையை ஒளித்து வாசிப்போருக்கும் வெளியில் வாசிப்போருக்கும் ஆனாள் அம்மாவின் ஆசீர் கிடைப்பதாக.

இப்படிக்கு,
பணிவுள்ள
சூ. பஸ்ரியன்

பி.கு.: இதை றஞ்சிதத்துக்கு வாசித்துக் காட்டினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "மருமகன் வேணுமெண்டு வாயால கேட்டது நீங்கள். இப்ப கிடைச்சிட்டுது எண்டு அழுகிறியள்" என்றாள். ஆகையால் பந்தியை எடுக்க வேண்டாம், ஒரு சொல்லையும் எடுக்க வேண்டாம். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. மகன் போனை எடுக்காவிட்டாலும் உங்கள் சஞ்சிகையைப் பார்ப்பான். எனவே திருநாளுக்கு முன்னம், திருத்தம் என்று தலைப்புப் போட்டு, பெரிய எழுத்தில் இதை வெளியிடவும்: வள்ளத்தில் இடம் இருக்கிறது. வயல்காரப் பிள்ளையை நடுப் பலகையில் இருத்துவோம். அங்கே ஆட்டம் குறைவு.